ரசல் எத்தனை தடவை மாறினார்? – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

பிரிட்டிஷ் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரசல் பத்தி நீங்க போன வாரம் எழுதினத படிச்சேன். நான் எம்.எஸ்சி. பிசிக்ஸ் முடிச்சவன். ஒரு விஷயம் உறுத்துது. முதல் உலகப்போர எதிர்த்து ஜெயிலுக்கு போறார், ரெண்டாவது போர் சரிங்கறார், அப்புறம் ரஷ்யாவ அணுகுண்ட காட்டி மிரட்டணும்ங்கறார், அதுக்கப்புறம் அதே குண்ட தடை பண்ணுன்னு நடுரோட்ல உக்கார்றார். லாஜிக் படிச்ச மனுஷன் அரசியல்ல இப்படி அல்லாடினா அவர் பேச்ச ஏன் கேக்கணும்? தத்துவவாதியும் விஞ்ஞானியும் அவங்கவங்க வேலைய பாத்தா போதாதா?

(பேர் போட வேணாம்னு கேட்டிருந்தார்.)

அன்புள்ள தம்பி,

லிஸ்ட் சரியாத்தான் போட்டிருக்கீங்க. ரஷ்யாவ மிரட்டச் சொன்ன அந்த 1948 சமாச்சாரத்த நான் எழுதாம விட்டுட்டேன், சோம்பேறித்தனம் தான், வேற காரணமில்ல.

மாறினதுல எனக்கு பெரிய குறை தெரியல. 1916லயே போர் எதிர்ப்புக்காக 100 பவுண்டு ஃபைன், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி காலேஜ் வேலையும் போச்சு. 1918ல ஆறு மாசம் தண்டனை, லண்டன் பிரிக்ஸ்டன் ஜெயில் (அங்க உக்காந்து கணிதத் தத்துவத்துக்கு அறிமுகமா ஒரு புஸ்தகம் எழுதிட்டார், ரெண்டு தடவை பிரதமரா இருந்தவரோட பேரன்ங்கறதால ஜெயில்லயும் கொஞ்சம் சௌகரியம் இருந்தது, அதையும் சொல்லணும்). 1920ல ரஷ்யா போறார், ஆசையாத்தான் போறார், லெனின நேர்ல பாத்து பேசறார், திரும்பி வந்த கையோட அதே வருஷம் லெனினோட போல்ஷ்விக் கட்சி ஆட்சிய விமர்சிச்சு புஸ்தகம் போடறார், இடதுசாரி நண்பர்களுக்கு கோவம்னா கோவம். 1936ல ஹிட்லர எதிர்த்து கூட போர் வேணாம்னு எழுதினார், தப்பு. 1940ல அத மாத்திக்கிட்டார். நிலவரம் மாறும்போது கருத்து மாறாம வெச்சிருக்கறவங்கள நான் நிறைய பாத்திருக்கேன், அவங்ககிட்ட போய் யாரும் லாஜிக் கத்துக்கறதில்ல.

உறுத்த வேண்டியது வேற இடம். குண்டு அமெரிக்காகிட்ட மட்டும் இருந்த அந்த சில வருஷத்துல, அணு ஆயுதத்து மேல சர்வதேச கட்டுப்பாட்டுக்கு ரஷ்யா ஒத்துக்கலன்னா போர்னு மிரட்டலாம்னு பேசினார். சரி, பேசினார். ஆனா 1953ல யாரோ கேட்டப்ப அது கம்யூனிஸ்ட்காரங்க கட்டிவிட்ட கதைன்னு எழுதிட்டார்! 1959ல பிபிசி டிவி பேட்டில ஜான் ஃப்ரீமன் திரும்ப கிளறினப்ப தான் உண்மைன்னு ஒத்துக்கிட்டார். சொன்னதே மறந்து போச்சுன்னு பின்னாடி விளக்கம். எழுதி அச்சாகியிருக்கு, மேடைல பேசியிருக்கார், அதெப்படி மறக்கும்? என்னால இத முழுங்க முடியல. கருத்த மாத்தறவன் பழச மறைக்கக் கூடாது, அவ்ளோதான்.

இப்ப உங்க ரெண்டாவது கேள்வி. லாஜிக் தெரியறதால அரசியல் தெரியும்னு ரசலே சொன்னதில்ல, தன் தத்துவத்துக்கும் அரசியலுக்கும் தர்க்கரீதியா சம்பந்தமில்லன்னு தான் சொல்லியிருக்கார். விஞ்ஞானி விஷயம் அப்படி இல்ல. 1954 மார்ச்ல பசிபிக் கடல்ல இருக்கற பிகினி தீவுல அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு வெடிச்சப்ப ஜப்பான் மீன்பிடி படகு ஒண்ணு மேல சாம்பல் விழுந்துச்சு இல்லையா, ஜோசப் ராட்பிளாட்னு ஒரு பிசிக்ஸ்காரர், 1944 கடைசிலயே அமெரிக்காவோட அணுகுண்டு திட்டத்த விட்டு வெளிய வந்தவர், ஜப்பான் விஞ்ஞானி ஒருத்தர் கொடுத்த அளவுகள வெச்சு கணக்கு போட்டு, இது வெளிய சொல்ற மாதிரி 'சுத்தமான' குண்டு இல்ல, யுரேனியம் பிளவு (யுரேனிய அணு உடையறது) மூணாவது கட்டமா நடந்திருக்கு, கதிரியக்கம் பல மடங்குன்னு கண்டுபிடிச்சார். இத மீனவன் கண்டுபிடிக்க முடியுமா? அரசாங்கம் தானா வந்து சொல்லுமா? அவர் வேலைய அவர் பாத்ததால தான் அது வெளிய வந்துச்சு.

ரசலுக்கு ராட்பிளாட் பழக்கமானது ஒரு பிபிசி நிகழ்ச்சில. அப்புறம் 1954 டிசம்பர் 23, கிறிஸ்மஸுக்கு ரெண்டு நாள் முன்னாடி, ரசல் ரேடியோல இந்த குண்டு பத்தி பேசறார். அடுத்த வருஷம் ஐன்ஸ்டைனுக்கு லெட்டர் போட்டு, அணு ஆயுத ஆபத்து பத்தி விஞ்ஞானிங்க கையெழுத்து போட ஒரு அறிக்கை தயார் பண்றார். ரோம்ல இருந்து பாரிஸ் போற விமானத்துல இருக்கும்போது ஐன்ஸ்டைன் இறந்துட்டார்னு பைலட் அறிவிக்கறார். போச்சு எல்லாம்னு நினைச்சுக்கிட்டு பாரிஸ் ஹோட்டலுக்கு போனா அங்க ஐன்ஸ்டைன் கையெழுத்து போட்ட லெட்டர் காத்திருக்கு. சினிமால வெச்சா நம்பமாட்டோம்.

எனக்கு பிடிச்சது அது கூட இல்ல, அந்த அறிக்கைக்கு பதினோரு கையெழுத்த சேத்த விதம். பிரான்ஸ்ல ஜோலியோ-கியூரி கம்யூனிஸ்ட் கட்சிக்காரர், வார்த்தைய மாத்துன்னு மல்லுக்கட்டினார், போலந்துல இருந்து இன்ஃபெல்ட், ஜப்பான்ல இருந்து யுகாவா, அமெரிக்கால பாலிங். ரெண்டு பக்கமும் ஒத்துக்கற மாதிரி ஒவ்வொரு வரியா இழைக்கணும். கொஞ்ச வருஷம் முன்னாடி ரஷ்யாவ மிரட்டுன்னு சொன்ன அதே ஆள் தான் இத உக்காந்து செஞ்சார். 1955 ஜூலை 9, லண்டன் காக்ஸ்டன் ஹால்ல வெளியிட்டாங்க, ராட்பிளாட் தலைமை. 1957ல விஞ்ஞானிங்க கூடின பக்வாஷ் மாநாடு (கனடால ஒரு ஊர்) இதுல இருந்து தான் வந்துச்சு.

1961ல அணுகுண்டு எதிர்ப்பு போராட்டத்துக்காக ரசலுக்கு திரும்ப பிரிக்ஸ்டன் ஜெயில், வயசு 89. ஒழுங்கா நடந்துக்கறேன்னு வாக்கு கொடுத்தா விட்டுடறோம்னாங்க, முடியாதுன்னுட்டார், ஒரு வாரம் உள்ள இருந்தார்.

ராட்பிளாட் போட்ட கணக்கு எனக்கு பாதிக்கு மேல புரியல தம்பி, நான் பி.காம். நீங்க பிசிக்ஸ், எங்கள மாதிரி ஆளுங்களுக்கு புரியற மாதிரி ரெண்டு பக்கம் எழுதி அனுப்புங்க, இங்கயே போடறேன்.