உறிஞ்சாத ஒட்டுண்ணி

அன்புள்ள ஐயா,

எங்கள் தோட்டத்து வேலியில் வரிசையாக ஆடாதோடை நிற்கிறது. மழைக்காலம் முடிந்ததும் அதன்மேல் மஞ்சள் நூல் போல ஒரு கொடி ஏறிவிட்டது. இலை கிடையாது. எங்கே வேர் விட்டிருக்கிறது என்று குனிந்து தேடினேன், அதுவும் இல்லை. பிய்த்து எறிந்தேன், கொஞ்ச நாளில் பழையபடி வந்துவிட்டது. மாமியார் அதை அம்மையார் கூந்தல் என்கிறார். எண்ணெயில் காய்ச்சித் தேய்த்தால் முடி வளரும், கஷாயம் வைத்துக் குடித்தால் உடம்புக்கு நல்லது என்றும் சொல்கிறார்.

பள்ளியில் "உறிஞ்சு வேர்கள் மூலம் உணவை உறிஞ்சிக்கொள்ளும்" என்று ஒரு வரி படித்தோம். எப்படி உறிஞ்சுகிறது? அதற்கு வாயா இருக்கிறது? ஆடாதோடை ஏன் சும்மா விட்டுக்கொண்டு நிற்கிறது? அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சில உறவினர்கள் ஞாபகம் வருகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எஸ்.,
உடுமலைப்பேட்டை

அன்புள்ள எஸ்.,

உறவினர்களை விட்டுவிடுவோம், இந்தத் தளத்தை அவர்களும் வாசிக்கக்கூடும். கொடிக்கு வருகிறேன்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது கஸ்குட்டா. உலகில் ஏறத்தாழ 200 இனங்கள் உண்டு. நம் பக்கத்து வேலிகளில் தடித்த மஞ்சள் தண்டோடு படர்வது பெரும்பாலும் கஸ்குட்டா ரிஃப்ளெக்ஸா. சர்க்கரைவள்ளிக் கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. கடலோர மணல்காடுகளில் புதர்மேல் வலை போட்டதுபோலக் கிடக்கும் கொத்தான் வேறு. பார்க்க இதேபோல இருந்தாலும் அது லவங்கப்பட்டையின் குடும்பம். மாமரத்தில் கொத்தாக நிற்கும் புல்லுருவியும் வேறு. புல்லுருவிக்குப் பச்சை இலை இருக்கிறது. மரத்திடமிருந்து தண்ணீரையும் உப்புகளையும் எடுத்துக்கொண்டு தன் மாவுச்சத்தைப் பெரும்பாலும் தானே தயாரித்துக்கொள்ளும். கஸ்குட்டாவுக்கு அடுப்பே இல்லை. ரிஃப்ளெக்ஸாவின் தண்டில் கொஞ்சம் பச்சையம் உண்டு என்றாலும் அதை நம்பி ஒரு வாரம்கூட ஓட்ட முடியாது. 1990களில் வெள்ளை லூப்பின் என்ற பயறுவகைச் செடியில் இந்தக் கொடியை ஏற்றிக் கணக்குப் பார்த்தார்கள். கொடியின் கார்பனில் 99 சதவீதத்துக்கும் மேல், நைட்ரஜனில் 90 சதவீதத்துக்கும் மேல் செடியின் ஃபுளோயத்திலிருந்து, அதாவது சர்க்கரைச் சாறு ஓடும் திசுவிலிருந்து, வந்திருந்தது.

அந்த ஃபுளோயத்தில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. ஆனால் கொடி முதலில் அங்கே போய்ச் சேர வேண்டும்.

விதை முளைத்ததும் வருவது சில சென்டிமீட்டர் நீள நூல் ஒன்று. அடியில் வேர் மாதிரி ஒரு வீக்கம் இருக்கும், ஆனால் அது மண்ணிலிருந்து எடுத்துப் பிழைக்கிற வேர் இல்லை. விதையில் இருக்கும் சேமிப்பு தீர்வதற்குள் ஒரு செடியைப் பிடித்தாக வேண்டும். நூலின் நுனி காற்றில் வட்டமடித்துத் தேடும். 2006இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கஸ்குட்டா இனத்தின் நாற்றுகளைத் தக்காளிக்கும் கோதுமைக்கும் நடுவே வைத்தார்கள். அதிகம் சாய்ந்தது தக்காளிப் பக்கம். செடியை எடுத்துவிட்டு அதன் வாசனையை மட்டும் வைத்தபோதும் அந்தத் திசையிலேயே வளர்ந்தன. கோதுமையின் வாசனையில் இருந்த ஒரு பொருள் நாற்றைத் தள்ளிவிட்டது. நெல், சோளம், மக்காச்சோளம் போன்ற புல்லினப் பயிர்களில் கஸ்குட்டாவுக்குப் பிழைப்பு இல்லை என்று உழவர்களுக்குத் தெரியும். கொடி கண்ட நிலத்தில் அடுத்த போகம் அவற்றைப் போடச் சொல்வது அதனால்தான்.

தொட்டதும் சுற்றும். சுற்றிய இடத்தில் உறிஞ்சு உறுப்பு கிளம்ப இரண்டு தூண்டுதல் வேண்டும்: தொடுகை, அதோடு சிவப்பு குறைந்து தொலைசிவப்பு மிகுந்த ஒளி. பச்சை இலைகளுக்கு இடையே வடிந்து வரும் ஒளி அப்படித்தான் இருக்கும். ஜப்பானில் இந்த இரண்டையும் செயற்கையாகக் கொடுத்தபோது, கஸ்குட்டா வெறும் அக்ரிலிக் தகட்டின் மேலேயே உறிஞ்சு உறுப்பை உண்டாக்கியது. ஆக, அது செடியா பிளாஸ்டிக்கா என்று உறுதிசெய்துகொண்டு ஆரம்பிப்பதில்லை.

தொட்ட இடத்தில் கொடியின் மேல்தோல் செல்கள் நீண்டு பசை சுரந்து ஒட்டிக்கொள்கின்றன. பிறகு கொடியின் உள்ளிருந்து ஆப்பு போல ஒரு செல் கூட்டம் புறப்படுகிறது. பாதி வேலையை அழுத்தம் செய்கிறது, மீதியைச் செல்சுவரைக் கரைக்கும் நொதிகள் செய்கின்றன. ஆடாதோடையின் பட்டைக்குள் நுழைந்ததும் ஆப்பின் முனைச் செல்கள் மயிரிழைகளாகப் பிரிந்து நாலாபக்கமும் போகின்றன. எனக்கு இதில் பிடித்த கட்டம் இதுதான். கிளம்பும்போது எல்லா இழைகளும் ஒன்றுபோலவே இருக்கின்றன. எதைத் தொடுகிறதோ அதுவாக மாறுகிறது. செடியில் தண்ணீர் ஏறும் திசுவான சைலத்தைத் தொட்ட இழை, சுவரைத் தடித்துக்கொண்டு, உள்ளே இருப்பதையெல்லாம் காலிசெய்து, செத்து, வெறும் நீர்க்குழாயாகிவிடுகிறது. ஃபுளோயத்தைத் தொட்ட இழை சாகாது. நுனியில் விரல் விரலாகப் பிரிந்து, சாறு ஓடும் சல்லடைக் குழாயைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. பிடித்த பக்கத்துச் சுவரை உள்ளுக்குள் மடிப்பு மடிப்பாக்கித் தன் பரப்பைப் பெருக்கிக்கொள்கிறது.

இப்போது "உறிஞ்சுதல்". பாடப்புத்தகத்தின் அந்த வரியோடு எனக்குச் சண்டை உண்டு. ஃபுளோயத்தில் ஓடும் சர்க்கரைச் சாற்றை யாரும் உறிஞ்சத் தேவையில்லை. இலையில் தயாராகும் சர்க்கரை சல்லடைக் குழாய்க்குள் ஏற்றப்படுகிறது. சர்க்கரை ஏறிய இடத்துக்குத் தண்ணீர் தானாக வந்து சேருகிறது. குழாய்க்குள் அழுத்தம் கூடுகிறது. பல செடிகளில் இது சுமார் 10 வளிமண்டல அழுத்தம் வரை போகும். காய், கிழங்கு, வேர்நுனி என்று சர்க்கரை இறக்கப்படும் இடங்களில் அழுத்தம் குறைவு. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள இந்த வித்தியாசமே சாற்றை ஓட வைக்கிறது. ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் முன்ச் 1930இல் விரிவாக எழுதிவைத்த விளக்கம் இது. உழவர்களுக்கு அசுவினியை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும்: அசுவினி தண்டில் ஊசியைச் செருகியிருக்கும்போது உடலை வெட்டி எடுத்துவிட்டால், நிற்கும் ஊசி வழியாகச் சாறு மணிக்கணக்கில் சொட்டிக்கொண்டே இருக்கும். பூச்சியே இல்லை, யார் உறிஞ்சுவது?

கஸ்குட்டா செய்வது வாய்க்கால் கரையில் புதிதாக ஒரு மடையை வெட்டிவிடுகிற வேலை. தண்ணீரை அது இழுக்க வேண்டியதில்லை. சாறு வந்த வேகத்தில் சர்க்கரையை இறக்கித் தன் வளர்ச்சிக்குச் செலவழித்து, அந்த இடத்தை எப்போதும் பள்ளமாக வைத்திருந்தால் போதும். செடியைப் பொறுத்தவரை அது வேகமாகப் பெருக்கும் ஒரு பெரிய காய். தன் பிஞ்சுகளுக்கு எப்படி அனுப்புகிறதோ அப்படியே இதற்கும் அனுப்புகிறது. 1970களில் நெதர்லாந்தில் வோல்ஸ்விங்கல் என்பவர் ஃபாவா பீன்ஸ் செடியில் கஸ்குட்டாவை ஏற்றிவிட்டுக் காய்களைக் கவனித்தார். காய் பிடிப்பதும் வளர்வதும் முற்றாக நின்றுபோயின. சர்க்கரைக்கான போட்டியில் சொந்தக் காய்களே தோற்றுவிட்டன. ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் நெல் அறுத்த தாளடியில் உளுந்து போடுகிறவர்கள் கஸ்குட்டாவைக் கண்டு அலறுவதற்குக் காரணமும் இதுதான்.

"ஏன் சும்மா விட்டுக்கொண்டு நிற்கிறது" என்ற கேள்வி இன்னும் நல்ல கேள்வி. செடி சும்மா நிற்பதில்லை. சல்லடைக் குழாயில் வெட்டுப்பட்டால் அதை அடைக்க உதவும் புரதங்கள் செடியிடம் இருக்கின்றன. ஆனால் 2018இல் வெளியான ஓர் ஆய்வு, கஸ்குட்டா கேம்பஸ்ட்ரிஸ் என்ற இனம் மைக்ரோ ஆர்.என்.ஏ எனப்படும் சிறு துணுக்குகளைச் செடிக்குள் அனுப்பி அதன் சில மரபணுக்களை ஊமையாக்குகிறது என்று காட்டியது. அப்படி ஊமையாகும் மரபணுக்களில் ஒன்று இந்த அடைப்பு வேலையோடு தொடர்புடையது. அந்த மரபணு இல்லாத செடியில் கொடி இன்னும் கொழுத்து வளர்ந்தது. மடையை வெட்டுவதோடு, அடைக்க வருகிறவன் கையையும் கட்டிவிடுகிறது.

ஜெயிக்கும் செடியும் உண்டு. உங்கள் வேலியில் இருக்கும் ரிஃப்ளெக்ஸாவைத் தக்காளியில் ஏற்றினால், தொட்ட இடத்துத் தோல் செல்களைத் தக்காளி தானே சாகவிட்டு, பொருக்கு கட்டி வாசலை அடைத்துவிடும். கொடி நுழைய முடியாது. இந்தக் கொடியை அடையாளம் காண உதவும் ஒரு உணர்வுப் புரதத்தைத் தக்காளியில் 2016இல் கண்டுபிடித்தார்கள். அதே தக்காளியை கேம்பஸ்ட்ரிஸ் சர்வசாதாரணமாகப் பிடித்துவிடுகிறது என்பது வேறு விஷயம்.

சர்க்கரையோடு வேறு என்னென்னவோ இந்த வழியில் கடக்கின்றன. 2001இல் பச்சையாக ஒளிரும் ஒரு புரதத்தைப் புகையிலையின் ஃபுளோயத்தில் உண்டாக்கிப் பார்த்தபோது அது கொடிக்குள்ளும் ஒளிர்ந்தது. வைரஸ்கள் கடக்கின்றன. ஃபைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரை நோயுற்ற செடியிலிருந்து நித்தியகல்யாணிக்கு மாற்ற ஆய்வுக்கூடங்களில் கஸ்குட்டாவைப் பாலமாகவே பயன்படுத்துகிறார்கள். எல்லாவற்றையும்விட விநோதமானது பூக்கும் விஷயம். கஸ்குட்டா ஆஸ்ட்ராலிஸ் என்ற இனம் எப்போது பூக்க வேண்டும் என்று காலம் பார்க்கும் மரபணுக்கள் பலவற்றைத் தொலைத்துவிட்டது. ஏறியிருக்கும் செடி பூக்கத் தயாராகும்போது அதன் இலையில் உருவாகும் பூப்புச் சமிக்ஞைப் புரதம் சாற்றோடு கொடிக்கும் வந்துவிடுகிறது, கொடியும் பூக்கிறது. 2020இல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்டது இது.

பிய்த்து எறிந்தும் ஏன் வந்தது என்பது இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். நீங்கள் பிய்த்தது வெளியே தெரியும் தண்டை. ஆப்பு உள்ளேயே இருக்கிறது. அதை ஒட்டி ஒரு துண்டு தங்கினாலும் மறுபடி துளிர்க்கும். எறிந்த துண்டு பக்கத்துச் செடியில் விழுந்தால் அங்கேயும் பிடித்துக்கொள்ளும். ஆடாதோடை கழித்தால் தழைக்கிற செடி என்பதால் இரக்கம் பார்க்காதீர்கள். கொடி சுற்றியிருக்கும் இடத்துக்கு நன்றாகக் கீழே கிளையோடு வெட்டி, காயவைத்து எரித்துவிடுங்கள். சிறு வெள்ளைப் பூக்கள் வருவதற்கு முன் செய்ய வேண்டும். விதை விழுந்துவிட்டால் அதன் ஓடு கெட்டியானது, மண்ணில் பத்து வருடத்துக்கு மேலும் கிடந்து முளைக்கும். தோட்டத்தில் மாட்டுக்குக் குதிரைமசால் போட்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். மசால் விதையோடு கஸ்குட்டா விதை கலந்து வருவது வாடிக்கை, சல்லடையில் எளிதில் பிரியாது. கஸ்குட்டா விதையின் மேல்பரப்பு சொரசொரப்பானது என்பதால், இரும்புத்தூளை ஒட்டவைத்துக் காந்தத்தால் பிரிக்கும் இயந்திரங்கள்கூட இருக்கின்றன. சான்று பெற்ற விதையாகவே வாங்குங்கள்.

மாமியாரின் எண்ணெயைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, அது உங்கள் வீட்டு அரசியல். கஷாயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலியில் இருப்பதை அறுத்து அப்படியே காய்ச்சிக் குடிக்காதீர்கள். சாற்றில் வருவதையெல்லாம் வாங்கிக்கொள்ளும் கொடி செடியின் நஞ்சையும் வாங்கிக்கொள்கிறது. லூப்பின் செடியில் படர்ந்த கஸ்குட்டாவுக்குள் லூப்பினின் ஆல்கலாய்டுகளையே கண்டிருக்கிறார்கள். உங்கள் வேலியில் இருப்பது ஆடாதோடையின் சரக்கையும் சேர்த்து வைத்திருக்கலாம். நாளைக்கு யாராவது அரளி மேலிருந்து அறுத்துக்கொண்டு வந்து கொடுத்தால், பார்வைக்கு அதுவும் இதே மஞ்சள் நூல்தான்.