டிஸ்சார்ஜுக்குப் பிறகு நர்ஸ் வீட்டுக்கு வருவதால் பயன் உண்டா?

உண்டு. மேரி நெய்லர் என்ற செவிலியர் ஆய்வாளரின் குழு அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் நடத்திய ஆய்வு 1999-இல் வெளியானது. மறுபடி அட்மிட் ஆகும் அபாயம் அதிகமுள்ள, 65 வயதோ அதற்கு மேலோ ஆன 363 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். இதயச் செயலிழப்பு உள்ளவர்களும் அதில் இருந்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. மற்றதற்கு, ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே வந்து பார்த்த அதே நர்ஸ், டிஸ்சார்ஜ் ஆன 48 மணி நேரத்துக்குள் வீட்டுக்கும் போனார். நான்கு வாரம் வரை போனிலும் கிடைத்தார். 24 வாரத்தில் மறுபடி அட்மிட் ஆனவர்கள் முதல் பிரிவில் 37 சதவீதம், இரண்டாவதில் 20. செலவும் ஏறக்குறைய பாதியானது.

ஆனால் அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ளும் திறனிலோ மனச்சோர்விலோ பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம், வீட்டுக்குப் போனவர்கள் முதியோர் பராமரிப்பில் மேற்படிப்பு முடித்த நர்ஸ்கள். மாத்திரை மாறியிருக்கிறதா, கால் வீங்குகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் டாக்டரிடம் பேசிச் சிகிச்சையை மாற்றவைக்கும் அளவுக்குப் பயிற்சி இருந்தது. பிபி பார்த்துக் குறித்துக்கொண்டு போக மட்டும் ஒருவரை அனுப்பினால் இதே பலனை எதிர்பார்க்க முடியாது என்பது என் கருத்து.