பதினொரு மணிக்குக் கிளம்பினால்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. என் கணவருக்குச் செட்டிநாட்டில் பள்ளத்தூர்ப் பக்கம் சொந்த ஊர். நாங்கள் இருப்பது திருப்பூரில். போன மே மாதம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பத்து நாள் ஊரில் தங்கினோம். மகளுக்குப் பன்னிரண்டு வயது, மகனுக்கு எட்டு. பெரிய வீடு, பங்காளிகள் எல்லாருக்கும் பொது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒருவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

முதல் மூன்று நாள் கார் வைத்து கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி என்று சுற்றினோம். சாப்பிட்டுவிட்டுப் பதினொரு மணிக்குக் கிளம்புவோம், மூன்று நான்கு மணிக்குத் திரும்புவோம். மூன்றாம் நாள் மகனுக்கு வாந்தி, காய்ச்சல். அதோடு சரி, அதற்குப் பிறகு யாரும் வாசலைத் தாண்டவில்லை. பிள்ளைகள் கையில் போன், எங்கள் கையில் விசிறி. அவர் மட்டும் "நாங்கள்லாம் அந்தக் காலத்துல..." என்று நுங்கு, கண்மாய், மாந்தோப்பு கதைகளைச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருநாள் மகள் கேட்டேவிட்டாள்: "அப்பா, அதுல ஒண்ணாவது இப்ப இருக்கா?"

நீங்கள் எழுதும் கோடை உண்மையில் இருக்கிறதா, எழுத்துக்காகக் கூட்டிச் சொல்வதா? இந்த வருடம் ஏற்காடு போகலாம் என்கிறாள் மகள். என்ன சொல்கிறீர்கள்?

அன்புடன்,
பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, திருப்பூர்

*

அன்புள்ள சகோதரிக்கு,

ஏற்காடு நல்ல ஊர்தான். தாராளமாகப் போய்வாருங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் எல்லாக் குற்றத்தையும் ஊர் மேலே போட்டிருக்கிறீர்கள். எனக்கு உறுத்தியது அந்தப் பதினொரு மணி.

சித்திரை 21 முதல் வைகாசி 14 வரை அக்கினி நட்சத்திரம். அந்த நாட்களில் பதினொரு மணிக்கு மேல் இங்கே யாரும் வேலையில்லாமல் தெருவில் இறங்குவதில்லை. நீங்கள் கானாடுகாத்தான் தெருவில் நின்று வீட்டு முகப்புகளைப் படமெடுத்தபோது, அந்த வீட்டுக்காரர்கள் உள்ளே தரையில் துண்டை விரித்துப் படுத்திருந்திருப்பார்கள். செட்டிநாட்டில் கோடைப் பொழுது விடிவதற்கு முன் தொடங்கி எட்டரை மணிக்கு முடியும். மறுபடி சாயங்காலம் ஐந்துக்கு மேல் தொடங்கி ராத்திரி வரை போகும். நடுவில் இருப்பது வீட்டுக்குள் கழிக்க வேண்டிய பொழுது. நீங்கள் இதைத் தலைகீழாக்கி, வெளியே இருக்க வேண்டிய நேரத்தில் தூங்கி, உள்ளே இருக்க வேண்டிய நேரத்தில் ஏசி காரில் ஏறி இறங்கியிருக்கிறீர்கள். பையனுக்குக் காய்ச்சல் வராமல் என்ன செய்யும்?

வீட்டுக்குள் இருப்பதிலும் ஒரு விஷயம். முன்வாசல், முகப்பு, நடுவில் முற்றம் உள்ள வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்வாசல் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் வருகிற மாதிரி கட்டிய வீடுகள் இவை. முன்கதவையும் பின்கதவையும் சேர்த்துத் திறந்தால்தான் காற்று ஓடும். முற்றத்து வழியாகச் சூடு மேலே போகும். சுண்ணாம்புப் பூச்சுச் சுவரும் ஆத்தங்குடிக் கல் (டைல்ஸ்) தரையும் மத்தியானம்கூடச் சில்லென்று இருக்கும். உங்கள் கையில் விசிறி இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, பின்கதவு பூட்டிக் கிடந்ததோ என்று எனக்குச் சந்தேகம். பங்காளி வீடு என்றால் ஒரு சாவி சென்னையிலும் இன்னொன்று மலேசியாவிலும் இருக்கும். முதலில் அந்தச் சாவியைக் கண்டுபிடியுங்கள்.

அப்படியே உங்கள் பங்குக்கு உள்ள அறையையும் மத்தியானத்தில் ஒருநாள் திறந்து பாருங்கள். பித்தளை அண்டா, குத்துவிளக்கு, எவர்சில்வர் தூக்கு என்று ஏதாவது கிடக்கும். அநேகமாக எல்லாவற்றிலும் பெயரோ தலைப்பெழுத்தோ வெட்டியிருக்கும், கல்யாணச் சீராக வந்த சாமான்கள். இது யார், இவர் யாருக்கு என்ன முறை என்று மகளையே எழுதச் சொல்லுங்கள். அப்பத்தா, ஐயா என்று மேலே போகப் போக ஒரு கட்டத்தில் உங்கள் கணவருக்கே தெரியாமல் போகும். அப்போது பெரியப்பா வீட்டுக்குப் போன் போட வேண்டியிருக்கும். அதற்குள் சாயங்காலமாகிவிடும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன. அங்கே இதே போல எழுத்து வெட்டிய பாத்திரங்கள் விலைக்கு அடுக்கியிருக்கும். சுற்றுலாக்காரர்கள் ஆசையாகப் பார்ப்பார்கள். எனக்கு அந்தத் தெருவுக்குள் போகவே பிடிக்காது, அது வேறு விஷயம்.

பெரிய வீடுகளைச் சுற்றிப் பார்ப்பது பெரியவர்களுக்கான காரியம். எட்டு வயதுப் பையனிடம் பர்மாத் தேக்குத் தூணைக் காட்டினால் அவன் அதைக் கட்டிப்பிடிக்கக் கை எட்டுகிறதா என்று பார்ப்பான், அவ்வளவுதான். ஆத்தங்குடியில் அவனுக்கானது கல் செய்கிற பட்டறை. ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, அதற்குள் பூப்போட்ட அச்சை இறக்கி, அச்சின் ஒவ்வொரு அறையிலும் சாயம் கலந்த சிமென்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை எடுத்த பிறகும் நிறம் ஒன்றோடொன்று கலக்காது. மேலே உலர்ந்த கலவையைத் தூவி, ஈரச் சாந்தை அப்பி அமுக்கி, காயவிட்டு, பிறகு தண்ணீரில் ஊறப்போடுவார்கள். சூளையே கிடையாது. அந்தப் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது. காலையிலேயே போய் அனுமதி கேட்டு ஓரமாக நின்றால் யாரும் விரட்டமாட்டார்கள்.

இப்போது மகளின் கேள்விக்கு வருகிறேன். "ஒண்ணாவது இப்ப இருக்கா?" மாந்தோப்புகள் பல மனைகளாகிவிட்டன. அதை மறைத்துப் பேசி என்ன ஆகப்போகிறது? ஆனால் கண்மாய் இருக்கிறது. அறுவடை முடிந்து தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் சிங்கம்புணரி, திருப்பத்தூர், பொன்னமராவதி வட்டாரத்தில் ஊருக்கு ஊர் மீன்பிடித் திருவிழா. நாளை ஊர்ப் பெரியவர்கள் குறிப்பார்கள். முன்பு தண்டோரா போட்டார்கள், இப்போது வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. விடியும்போதே கரை நிறைந்துவிடும். டூவீலரில், டாட்டா ஏஸில், வெளி மாவட்டத்திலிருந்துகூட வருவார்கள். சாமி கும்பிட்டு, பெரியவர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசும்வரை யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. வீசிவிட்டால் ஒரே பாய்ச்சல்!

ஊத்தா பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பக்கமும் வாய் திறந்த கூடை. மீன் இருக்கிற இடமாகப் பார்த்துச் சேற்றில் அழுத்தி, மேல் வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவி எடுக்க வேண்டும். பழகினவர் கையில் விரால் வரும், பழகாதவர் கையில் சேறு வரும். கச்சா வைத்திருப்பவர்கள், வலை வைத்திருப்பவர்கள், கொசுவலையும் பழைய சேலையுமாக இறங்கியவர்கள் எல்லாரும் ஒரே கலங்கலில். கெண்டை, கெளுத்தி, குரவை, ஜிலேபி. கெளுத்தி முள் குத்தினால் கடுக்கும், மகனை அதைத் தொடவிடாதீர்கள். அவனைக் கரையோரத்திலேயே நிறுத்துங்கள், ஆழம் எங்கே எப்படி என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். பிடித்த மீனை விற்பதில்லை என்பது பல ஊர்களில் வழக்கம். வெறும் கையோடு கரையேறுகிற ஆளைப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவர் நாலு மீனை எடுத்துப் பையில் போட்டுவிட்டுப் போவார், அவர் யாரென்றே தெரியாது. மத்தியானம் அந்த ஊரில் எந்தத் தெருவில் நடந்தாலும் மாங்காய் போட்ட மீன்குழம்பு வாசனைதான்.

மழை பொய்த்த வருடம் இது கிடையாது. இருக்கிற வருடமும் இந்த ஊரில் இந்தத் தேதி என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அதனால்தான் சுற்றுலாப் பட்டியல் எதிலும் இது வருவதில்லை. உங்கள் கணவர் அந்தக் காலக் கதை சொல்வதை நிறுத்திவிட்டு, டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து விசாரித்தால் போதும். கதை கேட்ட பிள்ளைக்குத் தன்னிடம் ஏதோ இல்லை என்றுதான் தோன்றும். அவர் ஊத்தாவோடு சேற்றில் வழுக்கி விழுந்தால் அவளுக்கே சொல்லக் கதை கிடைத்துவிடும்.

கடல் வேண்டுமானால் தொண்டி. காலை நாலு மணிக்குக் கிளம்பினால் தேவகோட்டை வழியாகப் போய்ச் சூரியன் எழும்போது கரையில் நிற்கலாம். பாக் நீரிணைக் கடல் ஆழமில்லாதது, அலையும் பெரிதாக இருக்காது. மெரினா மாதிரி குதிரையும் பஜ்ஜிக் கடை வரிசையும் எதிர்பார்க்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அவை கரையில் கட்டிக் கிடக்க, நாட்டுப்படகில் போனவர்கள் மட்டும் திரும்பிவருவார்கள். நல்ல மீன் கொஞ்சமாகத்தான் இருக்கும், விலையும் கூடுதல். ஒன்பது மணிக்குள் வீடு திரும்பிக் கம்மங்கூழும் மோர்மிளகாயும் சாப்பிட்டுப் படுத்துவிடலாம். திருமயம் கோட்டையும் இப்படித்தான். 1687இல் கிழவன் சேதுபதி கட்டியது. காலையில் திறந்ததும் ஏறி இறங்கிவிட வேண்டும், பாறை காய்ந்துவிட்டால் நடக்க முடியாது. இறங்கி வந்து அடிவாரத்துக் குடைவரைக் கோயிலுக்குள் நுழைந்தால் குளிர்ச்சி, பிள்ளைகள் வெளியே வரவே மாட்டார்கள்.

ராத்திரிக்குத் திருவிழா. சித்திரைக் கடைசியும் வைகாசியுமாகக் காரைக்குடி கொப்புடையம்மன் கோயிலில் செவ்வாய்ப் பெருந்திருவிழா. அங்கே மூலவரே உற்சவராக வீதிக்கு வருவது விசேஷம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். சாமியைவிட அவர்களுக்குப் பலூனும் பால் சர்பத்தும் முக்கியமாக இருக்கும், இருக்கட்டும். வைகாசி, ஆனியில் வந்தால் கிராமங்களில் புரவி எடுப்பு பார்க்கலாம். வேளார்கள் செய்த மண்குதிரைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அய்யனார் கோயிலுக்கு ஊர்வலமாகப் போவார்கள். உங்கள் மகன் வயதுப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய காட்சி எதுவும் கிடையாது என்பது என் துணிபு.

இவ்வளவும் சொன்னாலும் போன வருடம் உங்களுக்கு உண்மையில் இல்லாமல் போனது ஆட்கள்தான். பத்துக் குடும்பம் புழங்கக் கட்டிய வீட்டில் நாலு பேர் உட்கார்ந்திருந்தால் எந்தப் பிள்ளையும் போனைத்தான் எடுக்கும். உங்கள் கணவரின் கதைகளில் நுங்கும் கண்மாயும் ருசிப்பது கூட எட்டுப் பிள்ளைகள் இருந்ததால்தான். நுங்கை வீட்டில் தனியாக உட்கார்ந்து ஸ்பூனால் தின்றால் அதில் ஒன்றும் இல்லை. கட்டை விரலால் நோண்டிச் சட்டையெல்லாம் வழிய, யார் முதலில் முடிக்கிறார்கள் என்று போட்டி போட வேண்டும். பங்காளி வீடுகளில் உங்கள் பிள்ளைகள் வயதில் யார் யார் இருக்கிறார்கள் என்று இப்போதே பேசி, எல்லாரும் ஒரே பத்து நாளில் வருகிற மாதிரி லீவு போடச் சொல்லுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, சென்னையிலிருந்து காரைக்குடி வரும் பல்லவன் எக்ஸ்பிரஸில் மே மாதத்து இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். சொத்துப் பேச்சை மட்டும் அந்தப் பத்து நாளுக்குள் எடுக்க வேண்டாம் என்று பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். அதனால் பாதியில் பெட்டி கட்டிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாரும் வந்துவிட்டால் சாயங்காலப் பலகாரத்துக்கு வெள்ளைப் பணியாரம் போடுங்கள். ஒரு டம்ளர் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே கோபுரமாக எவ்வளவு உளுந்து நிற்குமோ அவ்வளவு. ஊறவைத்து வெண்ணெய் போல அரைத்து, உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை, கொஞ்சம் பால் சேர்த்து, காய்ந்த எண்ணெயில் ஒவ்வொரு கரண்டியாக ஊற்றி எடுக்க வேண்டும். தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல். பதினைந்து பேர் வரிசையில் நின்றால் அடுப்படியில் இருப்பவருக்கு முதுகு ஒடிந்துவிடும். அதனால் ஊற்றுகிற வேலையை ஆண்களிடம் கொடுங்கள்.

வைகாசியில் வருவதாக முடிவு செய்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். கண்மாய் செய்தி எனக்கு வழக்கமாக முந்தின நாள் ராத்திரிதான் வரும், வந்ததும் அனுப்புகிறேன். பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு பழைய சட்டை எடுத்து வையுங்கள். கண்மாய்ச் சேறு எந்தச் சோப்புக்கும் போகாது.

அன்புடன்.