வேண்டாம் என்று யார் சொல்வது?

கேள்வி: நாங்கள் எட்டுப் பேர். கவிதை, சிறுகதை எழுதுகிறவர்களோடு இரண்டு ஓவியர்களும் ஒரு புகைப்படக் கலைஞரும் இருக்கிறோம். சென்ற ஆண்டு ஒரு காலாண்டிதழ் தொடங்கினோம். ஆசிரியர் குழு என்று எட்டுப் பேர் பெயரையும் போடுகிறோம். இரண்டு இதழ்கள் வந்தன. 500 பிரதி அச்சடித்ததில் பாதிக்கு மேல் என் வீட்டில் கட்டுக்கட்டாக இருக்கிறது. அச்சுச் செலவை நானும் இன்னொருவரும் கைப்பணத்திலிருந்து கொடுத்தோம். மூன்றாவது இதழ் பல மாதங்களாக நிற்கிறது. குழுவில் மூத்தவர் ஒரு நீண்ட கதை கொடுத்திருக்கிறார். மற்றவர்களுக்கு அது பிடிக்கவில்லை, சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. அச்சை விட்டுவிட்டு இணையத்துக்குப் போய்விடலாம் என்கிறார்கள் சிலர். தொடரலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி)

அன்புள்ள தோழிக்கு,

தொடருங்கள். ஆனால் இப்போதுள்ள ஏற்பாட்டோடு தொடராதீர்கள்.

பணக் கவலையைத்தான் நீங்கள் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். இதழை நிறுத்தி வைத்திருப்பது பணம் அல்ல, அந்தக் கதை. எட்டுப் பேரும் ஆசிரியர்கள் என்றால், ஒரு படைப்பை வேண்டாம் என்று சொல்லும் பொறுப்பு யாரிடமும் இல்லை என்றுதான் பொருள். ஒவ்வொருவரும் மற்றவர் சொல்லட்டும் என்று காத்திருக்கிறீர்கள். தமிழில் நண்பர்கள் கூடி நடத்திய சிற்றிதழ்கள் பல உண்டு. 1970 அக்டோபரில் சென்னையில் தொடங்கிய ‘கசடதபற’வின் பின்னால் ஞானக்கூத்தன், சா. கந்தசாமி உள்ளிட்ட வலுவான கருத்துகள் கொண்ட ஒரு நண்பர் கூட்டமே இருந்தது. ஆனாலும் ஆசிரியர் என்று நா. கிருஷ்ணமூர்த்தி இருந்தார். கூடிப் பேசுவது வேறு, முடிவெடுப்பது வேறு.

நீங்களும் அப்படிச் செய்யுங்கள். ஓர் ஆண்டுக்கு ஒருவர் ஆசிரியர். அந்த நான்கு இதழ்களில் எது வரும், எது வராது என்பது அவர் முடிவு. மற்ற ஏழு பேரும் படித்துக் கருத்துச் சொல்லலாம், சண்டையும் போடலாம். இறுதிச் சொல் அவருடையது. ஆசிரியராக இருக்கும் ஆண்டில் அவர் தன் கதையையோ கவிதையையோ இதழில் போடக் கூடாது. இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் தன் எழுத்தை ஒதுக்கி வைத்தவர் வேண்டாம் என்று சொல்லும்போது அதைக் கேட்பவருக்கு மனத்தாங்கல் குறையும். ஆண்டு முடிந்ததும் பொறுப்பு அடுத்தவருக்குப் போகட்டும்.

இனி அந்த மூத்தவரின் கதை. வாட்ஸ்அப் குழுவில் எதுவும் சொல்ல வேண்டாம். புதிய ஆசிரியர் அவரை நேரில் போய்ப் பார்க்கட்டும். போவதற்கு முன் கதையை இரண்டு முறை படித்து, எந்த இடத்தில் கதை உயிரோடு இருக்கிறது, எங்கே தளர்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு போகட்டும். ‘இடம் இல்லை’, ‘அடுத்த இதழில் பார்க்கலாம்’ என்ற சாக்குகள் வேண்டாம். அனுபவமுள்ள எழுத்தாளர் அவற்றை உடனே கண்டுகொள்வார், அதுதான் அவரை அவமதிப்பது. தன் கதையை ஒருவர் வரிவரியாகப் படித்திருக்கிறார் என்று தெரிந்தால் கோபம் வந்தாலும் தங்காது. ஒருவேளை அவர் விலகிப் போனால் போகட்டும். பிடிக்காத கதையைப் பிடித்ததாகக் காட்டி அச்சிட்டால், பிறகு நீங்கள் மனமாரப் பாராட்டும் கதையையும் வாசகர் நம்ப மாட்டார்.

அடுத்து, வீட்டில் அடுக்கியிருக்கும் கட்டுகள். 500 என்ற எண் எங்கிருந்து வந்தது? அச்சகத்தில் ‘குறைந்தது ஐந்நூறு போட்டால்தான் கட்டும்’ என்று சொல்லியிருப்பார்கள். ஆஃப்செட் அச்சில், பக்கங்களை அச்சிட உதவும் உலோகத் தகடான பிளேட்டின் செலவு எத்தனை பிரதிக்கும் ஒன்றுதான் என்பதால் அவர்கள் கணக்குப்படி அது சரி. உங்கள் கணக்கு வேறு. காசு கொடுத்து வாங்கப் போகிறவர்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். நூற்றைம்பது பேர் தேறினால் இருநூறு பிரதி போதும். அந்த அளவுக்கு டிஜிட்டல் அச்சுக்கும் ஆஃப்செட்டுக்கும் தனித்தனியே விலைப்புள்ளி கேளுங்கள். 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை என்று இதழிலேயே அறிவித்தார். தன் வாசகர் யார் என்று தெரிந்தவர் போட்ட வரம்பு அது. தமிழ்ப் புதுக்கவிதை காலூன்றி நின்றது அந்தச் சிறிய வட்டத்துக்குள்தான். திருகோணமலையிலிருந்து எழுதிய கவிஞர் தருமு சிவராமு தமிழ்நாட்டு வாசகருக்கு அறிமுகமானதும் ‘எழுத்து’ இதழில்தான். எண்ணிக்கை குறைவு என்று கூச வேண்டியதில்லை.

செல்லப்பா புத்தகக் கட்டுகளைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனதும், யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா தன் ‘மல்லிகை’ இதழைத் தானே தெருவில் கொண்டுபோய் விற்றதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த உழைப்பை நான் வணங்குகிறேன். ஆனால் அதைக் காட்டி உங்களிடம் யாரும் தியாகம் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இருவர் சேமிப்பில் நடக்கும் இதழ், அந்தச் சேமிப்பு தீரும்வரைதான் நடக்கும். எட்டுப் பேரும் இதழுக்கு இவ்வளவு என்று சமமாகப் போடுங்கள். முடியாதவர் மெய்ப்புப் பார்ப்பது, பார்சல் கட்டுவது, முகவரிப் பட்டியலைப் பராமரிப்பது என்று வேலையாகக் கொடுக்கட்டும். எதைத் தருகிறார் என்பதை எழுதி வையுங்கள்.

சந்தாவை ஆண்டுக்கு என்று வாங்காமல் ‘நான்கு இதழ்களுக்கு’ என்று வாங்குங்கள். இதழ் தாமதமானாலும் சந்தாதாரருக்கு நட்டமில்லை. ஆயுள் சந்தா வேண்டவே வேண்டாம். வரும் பணம் அடுத்த இதழின் அச்சுக்கே போய்விடும், கடன் மட்டும் ஆயுளுக்கும் நிற்கும்.

பக்கங்களையும் கவனியுங்கள். டெமி அளவில் ஒரு பாரம், அதாவது ஒரே தாளில் சேர்த்து அச்சிட்டு மடிக்கும் பகுதி, 16 பக்கம். 64 பக்கம் என்றால் நான்கு பாரம். ஒரு கவிதையை விட மனமில்லாமல் 68 பக்கமாக்கினால், அந்த நான்கு பக்கத்துக்குத் தனிப் பிளேட், தனி ஓட்டம், வீணாகும் தாள் எல்லாம் சேர்ந்துகொள்ளும். ஆசிரியர் கையில் 64 என்ற எல்லை இருப்பது, வேண்டாம் என்று சொல்லவும் துணை செய்யும்.

உங்களிடம் இரண்டு ஓவியர்கள் இருப்பது பெரிய பேறு. கவிதைக்குக் கீழே மிச்சமிருக்கும் இடத்தை நிரப்பும் வேலையை மட்டும் அவர்களுக்குக் கொடுக்காதீர்கள். ஓவியர் ஆதிமூலத்தின் கோடுகள் சிற்றிதழ்களில் வந்தபோது, நவீன ஓவியத்தைப் பார்த்தே இராத வாசகர் கையில் அது போய்ச் சேர்ந்தது. ஒவ்வோர் இதழிலும் எட்டுப் பக்கத்தை முழுதாக ஓவியருக்கும் புகைப்படக்காரருக்கும் விட்டுவிடுங்கள். எந்தத் தாளில் படம் எப்படி விழும் என்று பார்க்க அவர்களையே அச்சகத்துக்கு அனுப்புங்கள். அச்சா இணையமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதிலும் இதில்தான் இருக்கிறது: தாளில் மட்டுமே செய்யக்கூடிய ஒன்றைச் செய்யுங்கள். தீர்ந்துபோன பழைய இதழ்களை இணையத்தில் ஏற்றுவதில் ஒரு தவறும் இல்லை.

சட்டப்பக்கம் ஒன்று. 1867ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டு இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது, விண்ணப்பம் இணையவழியில்தான். பல சிற்றிதழ்கள் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று போட்டுக்கொண்டு பதிவில்லாமலே நடக்கின்றன. நீங்கள் நீண்ட காலம் நடத்த நினைத்தால் பதிவு செய்வது நல்லது. 

வீட்டிலுள்ள பிரதிகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கன்னிமாரா நூலகம், புதுக்கோட்டை ஞானாலயா நூலகம் ஆகியவற்றுக்கு இரண்டிரண்டு பிரதி அனுப்புங்கள். முழுத்தொகுதி எங்கும் கிடைக்காமல் போன சிற்றிதழ்கள் நம்மிடம் ஏராளம். உங்கள் மாவட்டத்துக் கல்லூரித் தமிழ்த் துறைகளுக்கும் கிளை நூலகங்களுக்கும் கொடுங்கள். மீதியை, நான்கு இதழ்களுக்குச் சந்தா கட்டும் புதியவர்களுக்கு மூன்றாவது இதழோடு சேர்த்து இலவசமாக அனுப்பிவிடலாம்.