அம்மாவின் முதுகுக்கு ஒரு உடை

“படைவீரர்களுக்கென்று உருவாக்கிய எக்ஸோஸ்கெலிட்டன் உடைகள், படுக்கையில் இருப்பவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் உண்மையில் உதவுமா? எங்கள் பக்கம் அது எப்போதாவது வருமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

உதவும். வரவும் வேண்டும். நான் கிளிநொச்சிக்காரன். இயங்க முடியாத அண்ணாவை 2009 முதல் ஒவ்வொரு நாளும் தூக்கி இறக்கும் வீடு எங்களுடையது. அதனால் உடையைப் பற்றிக் கதைப்பதற்கு முன், ஒரு ஆளைத் தூக்குவது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

2009 மார்ச்சில், போரின் கடைசி மாதங்களில், மாத்தளனில் செல் (எறிகணை) துண்டு ஒன்று அண்ணாவின் கழுத்து முள்ளெலும்பில் ஏறியது. தோளும் முழங்கையும் வேலை செய்யும். விரல் மடங்காது. நெஞ்சுக்குக் கீழே உணர்வே இல்லை. இப்போது அவருக்கு 62 கிலோ, அம்மாவுக்கு 61 வயது. நான் வவுனியாவில் வேலை செய்கிறேன், சனி ஞாயிறில்தான் வீட்டுக்கு வருவேன். மற்ற ஐந்து நாளும் அம்மா தனியே.

காலை ஐந்தரைக்கு முதல் தூக்கு. சிறுநீர் சேரும் பையை வெறுமையாக்கி, குழாய் எங்கும் சிக்காதபடி அண்ணாவின் மடியில் வைப்பார். பழைய சாரம் ஒன்றை நாலாக மடித்து, அண்ணாவை இந்தப் பக்கம் ஒரு தரம் அந்தப் பக்கம் ஒரு தரம் புரட்டித் தொடைக்குக் கீழே செலுத்துவார். சக்கர நாற்காலியைக் கட்டிலோடு சரித்து நிறுத்திப் பிரேக் போடுவார். அண்ணா இரண்டு கையையும் அம்மாவின் கழுத்தைச் சுற்றிப் போட, அம்மா தன் முழங்காலால் அவருடைய முழங்கால்களை முட்டுக்கொடுத்து, சாரத்தின் இரு முனையையும் பிடித்து “ம்” என்பார். அந்த “ம்” முடிவதற்குள் அண்ணா நாற்காலியில் இருக்க வேண்டும். குளிக்க, மலசலகூடம் போக, மத்தியானம் சரிய, பின்னேரம் முற்றத்துக்கு வர என்று நாளுக்கு ஆறேழு தரம் இது நடக்கும்.

2017-இல் மழை பெய்த ஒருநாள் ஈரத்தில் அம்மாவின் கால் சறுக்கி இருவரும் விழுந்தார்கள். அண்ணாவுக்கு நோவு தெரியாது. அடுத்த நாள் தொடை வீங்கிய பிறகுதான் எலும்பு முறிந்தது தெரிந்தது. வருடக்கணக்கில் பாரம் தாங்காத எலும்பு அப்படித்தான், தேய்ந்து இலேசில் முறிந்துவிடும். அம்மாவுக்கு இடுப்பில், முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு ஒன்று பிதுங்கியது. வைத்தியசாலையில் அம்மாவிடம் “இனிப் பாரம் தூக்கக் கூடாது” என்றார்கள். அதே இடத்தில் மூன்று கிழமை கழித்து அண்ணாவை அவர் கையில் தந்து “கவனமாகப் பாருங்கோ” என்றும் அனுப்பினார்கள். எப்படித் தூக்குவது என்று ஒருவரும் காட்டவில்லை. இன்றுவரை அது எனக்கு ஆறவில்லை.

முதுகு ஏன் போகிறது? எங்கள் தோட்டக் கிணறுகளில் முன்பு தண்ணீர் இறைக்க நெம்புகோல் மாதிரி ஒரு நீண்ட மரம், துலா, இருந்தது நினைவிருக்கும். முதுகும் ஒரு துலாதான், ஆனால் எங்களுக்கு எதிராகக் கட்டிய துலா. குனிந்து தூக்கும்போது பாரம் முள்ளந்தண்டிலிருந்து அரை மீற்றர் முன்னால் தொங்குகிறது. அதைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் தசையோ ஐந்து சென்றிமீற்றர் அளவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பத்துக்கு ஒன்று. 20 கிலோவை அப்படித் தூக்கினால் தசை 200 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். குனிந்த மேலுடம்பின் பாரம் இந்தக் கணக்கில் சேரவில்லை. அத்தனையும் கீழ்முதுகின் தட்டுகளைத்தான் நசுக்குகிறது. அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷைச் சேர்ந்த தொமஸ் வோட்டர்ஸ் 2007-இல் ஒரு வரம்பு சொன்னார்: நோயாளியைக் கையால் தூக்குவதென்றால் 35 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 16 கிலோ. அதற்கு மேல் என்றால் கருவி வேண்டும். அம்மா தூக்குவது 62.

சரி, இனி உடைக்கு வருவோம். நந்திக்கடல் நண்டைப் பார்த்தவர்களுக்கு எக்ஸோஸ்கெலிட்டனை விளக்கத் தேவையில்லை. நண்டுக்கு எலும்பு வெளியில், சதை உள்ளே. மனிதருக்கும் அப்படி வெளியில் ஒரு சட்டகம் மாட்டி, மூட்டு மூட்டாக மோட்டாரோ காற்றோ பூட்டிவிட்டால், பாரத்தில் ஒரு பங்கைச் சட்டகம் வாங்கிக்கொள்ளும்.

முதலில் இதற்குப் பணம் கொட்டியவை படைகள்தான். 1965-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் அமெரிக்கப் படையின் பணத்தில் ‘ஹார்டிமான்’ என்ற உடையைத் தொடங்கியது. 680 கிலோ தூக்க வேண்டும் என்பது திட்டம், உடையின் சொந்த எடையும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஒரு கைதான் ஒழுங்காக இயங்கியது. முழுவதையும் இயக்கப் பார்த்தபோது கட்டுக்கடங்காமல் உதறியது, 1970-களின் தொடக்கத்தில் கைவிட்டார்கள். பிறகு 2000-களில் அமெரிக்கப் படைத்துறையின் ஆய்வு நிறுவனமான டார்பா பணம் போட்டது, பேர்க்லி பல்கலைக்கழகம் உடை ஒன்று செய்தது, 2009-இல் லொக்ஹீட் மார்ட்டின் 91 கிலோ சுமக்கும் ‘ஹல்க்’கைக் காட்டியது. 2013-இல் அமெரிக்கச் சிறப்புப் படைகளுக்கு ‘டாலோஸ்’ என்ற கவச உடையை அறிவித்தார்கள். 2019-இல் முழு உடை வராமலே அதையும் முடித்துக்கொண்டார்கள்.

ஏன் இப்படி? பற்றரி ஒரு காரணம். பாரம் சுமக்க மோட்டார், மோட்டாருக்குப் பற்றரி, பற்றரியைச் சுமக்க இன்னும் பெரிய மோட்டார். ஆனால் பற்றரியை விடப் பெரிய காரணம் படைவீரனின் அசைவு என்றே நான் நினைக்கிறேன். அவன் ஓடுவான், தவழ்வான், சட்டென்று விழுந்து படுப்பான். அடுத்த கணம் என்ன செய்வான் என்று உடைக்குத் தெரியாது. கணிப்பு ஒரு நொடியில் பத்திலொரு பங்கு பிந்தினாலும் உடை அவனோடு மல்லுக்கட்டும். எங்கள் அம்மாவின் அசைவு ஒன்றே ஒன்று: குனி, பிடி, நிமிர். அதே கட்டில், அதே நாற்காலி, பக்கத்தில் பிளக் பொயின்ற். அறுபது வருடமாகப் படைக்குச் சரிவராத பொருள் பராமரிப்பவருக்குச் சரிவருவது இதனால்தான்.

இந்த விஷயத்தில் எனக்குப் பக்கச்சார்பு உண்டு, மறைக்கவில்லை. வன்னியில் வளர்ந்தவனுக்கு, இன்னும் அதிகப் பாரத்தோடு இன்னும் வேகமாக நடக்கும் படைவீரன் என்ற எண்ணமே வயிற்றைப் பிசைகிறது. ஜப்பானில் சைபர்டைன் என்ற நிறுவனத்தைத் தொடங்கிய பேராசிரியர் யொஷியுகி சங்காய், தன் ‘ஹால்’ உடையைப் போருக்குத் தர மறுத்தவர். 2014-இல் பங்குச் சந்தைக்கு வந்தபோதும், தொழில்நுட்பம் ஆட்களைக் கொல்லும் வேலைக்குப் போய்விடக் கூடாது என்று கூடுதல் வாக்குரிமை கொண்ட பங்குகளைத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். இதை அண்ணாவுக்கு வாசித்துக் காட்டினேன். திருப்பி வாசிக்கச் சொன்னார்.

ஹால் வேலை செய்யும் விதம் அழகானது. நிமிர வேண்டும் என்று மூளை நினைத்தவுடன் தசைக்கு ஒரு சிறு மின்குறிப்பு போகும். தோலில் ஒட்டிய உணரி அதைப் பிடித்து, இடுப்பு மோட்டாரை அதே நேரத்தில் இயக்கும். பராமரிப்பவருக்கான இடுப்பு வகை மூன்று கிலோ அளவுதான்.

ஆனால் என் கண் இன்னொன்றில் விழுந்தது. இன்னோபிஸ் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ‘மசில் சூட் எவ்ரி’. மோட்டாரும் இல்லை, பற்றரியும் இல்லை. வலையால் சுற்றிய இறப்பர் குழாய்களைக் கையால் காற்றடித்து நிரப்புவது. காற்றேறினால் குழாய் தடித்துக் குறுகும், நம் தசை குறுகுவதைப் போல. குனியும்போது இழுபடும், நிமிரும்போது தூக்கிவிடும். தொடையில் ஒரு பிடி, தோளில் ஒரு பிடி என்பதால் நான் சொன்ன அந்த ஐந்து சென்றிமீற்றருக்கு வெளியே நீளமான ஒரு துலா கிடைக்கிறது. எடை 3.8 கிலோ. அதிகபட்சம் 25 கிலோ அளவு தாங்கல். 2019-இல் வந்தபோது விலை ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் யென். 2022-இல் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டுப் பார்த்த நாட்டில், சைக்கிள் ரியூப் மாதிரிக் காற்றடித்தால் வேலை செய்யும் பொருளுக்கு என்ன மதிப்பு என்று நான் சொல்லத் தேவையில்லை.

பெரிய கனவுகளை விட இந்தச் சின்ன உதவிகளே நிலைக்கின்றன. 2015-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மோட்டாரே இல்லாத ஒரு கணுக்கால் கருவி செய்தார்கள், சுருள்வில்லும் கிளச்சும் மட்டும். நடப்பதற்குச் செலவாகும் சக்தியை அது ஏழு சதவீத அளவு குறைத்தது. முகமாலையில் நாள் முழுக்க முழங்காலில் இருந்து கண்ணிவெடி கிண்டிய எங்கள் பெண்களுக்கும் இப்படி ஒரு தாங்கல் கிடைத்திருக்கலாமே என்று நினைப்பேன்.

“என்னை நடக்க வைக்குமோ?” என்று அண்ணா ஒருதரம் கேட்டார். இல்லை. உண்மையைத்தான் சொன்னேன். ஹாலுக்குத் தோலில் குறிப்பு வர வேண்டும், முள்ளந்தண்டு வடம் முழுதாக அறுந்தவருக்குக் காலில் அது வராது. ‘ரீவோக்’ என்ற இன்னொரு கால் உடை, உடம்பை முன்னே சாய்த்தால் அடி எடுத்து வைக்கும், 2014-இல் அமெரிக்காவில் வீட்டுப் பாவனைக்கு அனுமதி பெற்றது. ஆனால் ஊன்றுகோலைப் பிடிக்கக் கை வேண்டும். அதைக் கண்டுபிடித்த அமிட் கொஃபர் 1997-இல் விபத்தில் கழுத்து முறிந்தவர். கை சரியில்லாததால் தான் செய்த உடையைத் தானே போட முடியவில்லை. விலையும் அப்படி: 2024-இல் அமெரிக்க அரசின் மருத்துவக் காப்புறுதியான மெடிகெயார் அதற்கு நிர்ணயித்த தொகை ஏறத்தாழ 91,000 டொலர்.

இனி, நம்மூர்க் கதை. எங்கள் ஒழுங்கைப் பிள்ளை ஒருத்தி ஜப்பானிய மொழி படித்துப் பரீட்சை பாஸ் பண்ணி, அங்கே முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறாள். அந்தக் காற்று உடையைப் போட்டு வேலை செய்பவள். குறைகளையும் அவள்தான் சொன்னாள். போட்டுக் கழற்ற நேரம் பிடிக்கும், அவசரத்துக்குப் போடாமலே ஓடுவார்களாம். கோடையில் புழுங்கும். ஆளைப் புரட்டுவதற்கு உதவாது, தூக்குவதற்கு மட்டும். உடை போட்ட தெம்பில் பிழையாகத் தூக்கினால் முதுகு எப்படியும் போகும். 25 கிலோ தாங்கல் அம்மாவின் 62-ஐ 16 ஆக்காது என்பது எனக்கும் தெரிகிறது. ஜப்பானியத் தொழில் அமைச்சே 2013-இல் பராமரிப்பு இடங்களில் ஆட்களைக் கையால் தூக்கவே கூடாது, அதுதான் முறை என்று வழிகாட்டி வெளியிட்டது. உடைக்கு முன்னால், ஆளை வழுக்கி மாற்றும் பலகையும் தூக்கி மாற்றும் கருவியான ஹொயிஸ்ரும் வர வேண்டும் என்பதே அங்கேயும் ஒழுங்கு.

அதனால் உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படி இருந்தால், உடை வரும் வரைக்கும் காத்திருக்காதீர்கள். நாங்கள் முதலில் கட்டிலுக்குக் கீழே கல் வைத்து நாற்காலியின் உயரத்துக்கு ஏற்றினோம். பிறகு தச்சரிடம் இரண்டரை அடிப் பலகை ஒன்று சொல்லி, இரண்டு முனையையும் மெலிதாக்கி, விளிம்பில் சிலும்பு இல்லாமல் தேய்த்து வாங்கினோம். அண்ணாவுக்குத் தோல் கிழிந்தாலும் தெரியாது, படுக்கைப்புண் வந்தால் மாதக்கணக்கு. கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே பலகையைப் பாலமாகப் போட்டு, நாற்காலியின் அந்தப் பக்கக் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, சாரத்தைப் பிடித்து வழுக்கி எடுக்கலாம். ஆறேழு தூக்கில் நாலு குறைந்தது. மிஞ்சியது மலசலகூடம், குளியல், முற்றத்துப் படி. அங்கே பலகை ஏறாது. அந்த மிச்சத்துக்குத்தான் எனக்கு அந்த உடை வேண்டும். எங்கள் மாவட்டத்தில் முள்ளந்தண்டு பாதித்தவர்களைப் பார்க்கும் ஒவ்வொரு நிலையத்திலும் நாலைந்து வைத்து, பிசியோ ஒருவர் போட்டுக் காட்டி இரவல் கொடுத்தால், எத்தனையோ தாய்மாருக்கும் மனைவிமாருக்கும் அது போதும்.

போன மாதம் அந்தப் பிள்ளை வீடியோவில் அம்மாவுக்கு உடையைப் போட்டுக் காட்டினாள். காற்றடித்து, குனிந்து, பெரிய மூடை ஒன்றைத் தூக்கி நிமிர்ந்தாள். அம்மா கைபேசியை என்னிடமிருந்து வாங்கி முகத்துக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

“பிள்ளை, இதைப் போட்டுக்கொண்டு கிணத்தடிக்குப் போகலாமோ? தண்ணி பட்டால்?”

“போகலாம் மாமி, இதுக்குள்ள கரண்ட் ஒண்டும் இல்லை. நாங்கள் குளிப்பாட்டேக்கையும் போடுறனாங்கள்.”

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவளை இன்னொரு தரம் குனிந்து நிமிரச் சொன்னார். அவள் வருகிற சித்திரைக்கு ஊருக்கு வருகிறாள். பழையது ஒன்று அங்கே மலிவாகக் கிடைக்குமா என்று விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறாள். அம்மாவின் இடுப்பளவும் உயரமும் எடுத்து அனுப்பிவிட்டேன்.