சிறுநீரகம் எடுத்தபின் சி64 போடலாமா?

வணக்கம். 2 வருடம் முன்பு புற்றுநோய்க்காக இடது சிறுநீரகத்தை எடுத்தவருக்கு இப்போது வெறும் ஃபாலோ-அப் ஸ்கேன், நீங்கள் மெடிக்கல் கோடிங்கில் சி64.9 (சிறுநீரகப் புற்றுநோய் இப்போது இருக்கிறது, எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை என்பதற்கான கோடு) போட்டு ஆடிட்டில் எரர் வாங்கியிருக்கிறீர்கள். சார்ட்டில் 'ஆர்சிசி' (சிறுநீரகப் புற்றுநோயின் ஒரு வகை) என்று பார்த்ததும் கை தானாக அங்கேதான் போகும், எனக்கும் போயிருக்கிறது. ஆனால் கட்டியை எடுத்தாகி, சிகிச்சையும் முடிந்து, நோய் இருப்பதற்கான அடையாளமும் இல்லையென்றால், அமெரிக்காவின் ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் கோடு முறையின் விதிப்படி அது பழைய வரலாறு. ஸ்கேனிலும் ஒன்றும் இல்லையென்றால் முதலில் சிகிச்சை முடிந்தபின் வரும் ஃபாலோ-அப்புக்கு இசட்08, கூடவே சிறுநீரகப் புற்றுநோய் வரலாற்றுக்கு இசட்85.528, சிறுநீரகம் இல்லாததற்கு இசட்90.5. கடைசி எண்ணைக் கவனியுங்கள், 85.520 கார்சினாய்டு கட்டிக்கு மட்டும்.

ஆபரேஷனுக்குப் பிறகு அதே புற்றுநோய்க்கு பெம்ப்ரோலிசுமாப் என்ற புற்றுநோய் மருந்து இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் கதை வேறு, இடது சிறுநீரகப் புற்றுநோய்க்கான சி64.2தான். அப்புறம், 'இடது' என்று சார்ட்டிலேயே இருக்கும்போது .9 எதற்கு?