அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் முன்னாள் படைவீரர்களின் சலுகைகளையே கொடுக்கலாமா?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படைவீரர் சலுகைகளில் பெரும்பகுதி உடம்பும் மனசும் பட்ட பாட்டுக்கான ஈடு. பாதிப்பால் வந்த இயலாமையைச் சதவீதமாக மதிப்பிடுவார்கள். போரால் வந்த மனப் பாதிப்புக்கு 50 சதவீதம், ஒற்றைத் தலைவலிக்கு 30 என மதிப்பிட்டால் கூட்டுத்தொகை 80 ஆகாது. பாதிக்கப்படாமல் மிச்சமுள்ள 50-இல் 30 சதவீதத்தை, அதாவது 15-ஐ மட்டும் சேர்த்து 65 ஆக்கி, அப்புறம் 70 என முழுமையாக்குவார்கள். இந்தத் தராசில் உறுப்பினரை எப்படி நிறுத்துவது?

சரி, ஓய்வூதியம்? உறுப்பினர் 5 ஆண்டு இருந்தாலே 62 வயதில் உண்டு. படைவீரருக்குப் பொதுவாக 20 ஆண்டு பணி வேண்டும். முடித்தால், 38 வயதானாலும் உடனே வரும். அந்த 20 ஆண்டு விதியை உறுப்பினர்களுக்கும் வைக்கலாம் என்பேன். படைவீரர் மருத்துவமனை வரிசையில் மட்டும் அவர்களைச் சேர்க்க வேண்டாம்.